மோமோவின் சனிக்கிழமைகள்

செப்டம்பர் 8, ஞாயிறு

மங்கை வந்தாள், போனாள். வீட்டில் இருந்தது நான்கு மணி நேரம்.

பெங்களூரில் இருந்து காரில், மடியில் ஒரு வெள்ளை வாளியை வைத்துக்கொண்டு குன்னூர் வரை வந்திருக்கிறாள். மூடியைத் திறந்து காட்டினாள். நான் குனிந்து அதைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. ஒரு சாண் நீளம். உரித்த நுங்கின் நிறம், அதில் கொஞ்சம் ரோஜா. நாலு கால், ஒரு வால். தலைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மும்மூன்று சிவப்புக் கிளைகள், பெரணி இலை மாதிரி இழை இழையாக ஆடுகின்றன. அவைதான் செவுளாம். கண்ணுக்கு இமை கிடையாது. வாய் இந்தக் காதில் இருந்து அந்தக் காது வரை சிரித்த வாய். காதுதான் இல்லை.

“மீனா இது?”

“மீன் இல்லம்மா. ஆக்சலாட்டில். தவளைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வச்சுக்கோயேன்.”

“அப்ப வால் எப்ப விழும்?”

“விழாது. கடைசி வரைக்கும் இது இப்படியே தண்ணிக்குள்ளேயே இருந்துரும்.”

இவர்கள், மங்கையின் அப்பா, பேப்பரை மடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு பேப்பரை மடிக்கிற அளவுக்கு எந்த விஷயமும் இவர்களுக்கு வந்ததில்லை.

“பேரு என்ன?”

“மோமோப்பா.”

“கூப்பிட்டா வருமா?”

“வராது.”

“பிறகு எதுக்குப் பேரு?”

கம்பெனியில் இரண்டு மாதம் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்களாம். இதற்குத் தண்ணீர் பதினெட்டு டிகிரியைத் தாண்டக்கூடாதாம். குன்னூரில் தண்ணீர் சும்மாவே அப்படித்தான் இருக்கிறது. அதனால் எங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். கண்ணாடித் தொட்டியைத் தன் அறையில் வைத்து, மோட்டாரையெல்லாம் மாட்டி, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். வாசலில் நின்று, “உன்னை நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்” என்றாள்.

மலைக்குளிர் ஆகாமல் மூச்சிழுப்பு வந்து வந்து, பதினொன்றாம் வகுப்புக்கு அவளைப் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்கு அனுப்பினோம். அன்று முதல் அவள் இந்த வீட்டில் ஒரு சீப்பைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை. இன்று ஓர் உயிரை விட்டுப் போயிருக்கிறாள். அவளுக்கு ஆகாத குளிர் இதற்கு ஆகிறது. ஈசன் கணக்கு எப்படி என்று தெரியவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

புது நோட்டு ஒன்று எடுத்து, பிள்ளையார் சுழி போட்டுக் கட்டம் கிழித்தேன். தேதி. தண்ணீர் வெப்பம். அம்மோனியா. புழு கொடுத்தது, தின்றது. செவுள். வால். குணம்.

என் பள்ளிப்படிப்பு எட்டாவதோடு நின்றது. மிச்சத்தை நானே அகராதி வைத்துப் படித்துக்கொண்டேன். அம்மோனியா என்றால் அதன் கழிவில் இருந்து வருகிற விஷம். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக இருக்க வேண்டும், பச்சையானால் ஆபத்து. இன்று மஞ்சள். வெப்பம் பதினேழு.

செப்டம்பர் 10, செவ்வாய்

இன்று புழு நாள். மங்கை கொண்டுவந்த புழு ஞாயிறன்று அவள் கொடுத்ததோடு தீர்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் தோட்டத்தில் மக்கு உரக் குழி இருக்கிறது. வேலி ஓரமாக நின்று கேட்டேன். அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“ஆவுடைக்கா! முட்டை போட்டதுன்னு என் கிறிஸ்துமஸ் கேக்கை இருபது வருஷமா திருப்பி அனுப்புறீங்க. இப்ப எங்கிட்டயே வந்து புழு கேக்குறீங்க!”

“எனக்கா கேக்குதேன்? அதுக்கு.”

“பூசை ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி குடுப்பீங்களா, பின்னாடியா?”

“பின்னாடிதான். குளிச்சுப் பூசை முடிச்சுக் குடுத்து, மறுபடி குளிப்பேன்.”

“இந்தக் குளிர்ல ரெண்டு குளியலா? புழு பாவத்தைவிட அது பெரிய தண்டனைக்கா.”

இடுக்கியால் ஒரு புழுவைப் பிடித்து, “இது என் பசிக்கு இல்லை, அதன் பசிக்கு” என்று ஈசனிடம் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். திறந்தபோது இடுக்கி மட்டும் இருந்தது. இரண்டாவது புழுவுக்குக் கண்ணை மூடவில்லை. வாய் திறந்ததே தெரியவில்லை. புழு இருந்தது, பிறகு இல்லை. தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. மூன்றாவதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்பதற்காகவே கொடுத்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

தொட்டியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டோம். ‘என் ரூமிலேயே இருக்கட்டும், கதவு சாத்தியே இருக்கட்டும்’ என்றுதான் மங்கை எழுதியிருக்கிறாள். ஆனால் ஓர் உயிரை அந்த இருட்டறையில் அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு எப்போதும் மூடிய கதவுதான். கதவுக்குப் பின்னால் அவள் சின்ன வயதில் சுருட்டி வைக்கும் பழைய துண்டு இன்னும் கிடந்தது. வீம்பு வந்தால் அதைக் கதவடியில் திணித்துக்கொண்டு படுத்துவிடுவாள். அதைத் துவைத்துப் போட்டேன்.

பாதித் தண்ணீரை வாளிகளில் எடுத்துவிட்டு நானும் இவர்களும் தூக்கினோம். பூசை அறைக்கு இந்தப் பக்கம், சுவரோரம். தீபம் தெரிகிற இடம். தீப்பெட்டிக் கட்டு அளவில் ஏர் பம்ப் ஒன்று இருக்கிறது, அது வெளியே இருந்தபடி காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது. அதைப் பூசை அறை வாசல் பலகையில் வைத்தாயிற்று.

“இனிமே நீ தேவாரம் படிச்சா அதுவும் கேக்கும்” என்றார்கள் இவர்கள்.

“காது இல்லியே.”

“எனக்குக் காது இருந்து என்ன கண்டேன்?”

செப்டம்பர் 13, வெள்ளி

வீடு மெழுகி, விளக்குத் துலக்கி, மாலை ஆறு மணிக்குத் தூபம் போட்டேன். வெளியே ஒரே மூடுபனி, எல்லா ஜன்னலும் சாத்தியிருந்ததால் மணம் அப்படியே நின்றது. சிரட்டைக் கரி நன்றாகக் கனிந்து சாம்பிராணி தங்கம் தங்கமாகப் பொரிந்தது. அறை அறையாகக் காட்டிவிட்டு, வீட்டில் இருக்கிற உயிர்தானே என்று மோமோவுக்கும் மூன்று சுற்றுக் காட்டினேன்.

செப்டம்பர் 14, சனி

வால் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கிறது. புழுவைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. அம்மோனியா மஞ்சள். வெப்பம் பதினேழு. புது இடம் பழக வேண்டும் போல.

செப்டம்பர் 15, ஞாயிறு

பிரதோஷம். எனக்கும் மோமோவுக்கும் விரதம். ஒருநாள் விட்டு ஒருநாள் தின்றாலே போதும் என்று மங்கை எழுதியிருப்பதால் தோஷம் இல்லை. வால் நேராகிவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் ஐந்து. மூன்று தடவை எண்ணினேன். ஏன் இப்படி? பிரம்மாவுக்குப் பின்பக்கம் வரும்போதுதான் மனம் இளகியதோ?

நடக்கும்போது ஒரு காலைத் தூக்கி, எங்கே வைக்க என்று மறந்துபோன மாதிரி அப்படியே நிற்கிறது. ரொம்ப நேரம் கழித்து வைக்கிறது. இவர்கள் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். “ஹெட் ஆபீஸ்ல எங்க சூப்பிரண்டு இப்படித்தான் ஏளா, பேனாவைத் தூக்கிட்டு நிப்பாரு” என்றார்கள்.

நான்கு புழு. நான்கும் தின்றது. குணம்: உற்சாகம்.

செப்டம்பர் 21, சனி

மறுபடியும் வால் வளைவு. செவுள்கள் எல்லாம் முன்பக்கமாகச் சுருண்டு முகத்தை மூடுகின்றன, குளிரில் சால்வையை இழுத்துக்கொள்கிற மாதிரி. மங்கை தாளில் ‘செவுள் முன்னால் வந்தால் அதுக்கு ஏதோ பிடிக்கலன்னு அர்த்தம்’ என்று இருக்கிறது. நோட்டைப் பார்த்தேன். போன சனியும் இப்படித்தான். சனீஸ்வரனுக்கு நல்லெண்ணெய் விளக்கு ஏற்றினேன்.

“ஏளா, சனிக்கிழமைன்னு அதுக்கு எப்படித் தெரியும்? காலண்டர் பாக்குதா?” என்கிறார்கள் இவர்கள்.

செப்டம்பர் 28, சனி

மூன்றாவது சனி. உடம்பின் மேல் பூஞ்சை மாதிரி மெல்லிய வழுவழுப்பு. அம்மோனியா மஞ்சள்தான். தண்ணீர் மேல் கொஞ்சம் நுரை, காலையில் வலையால் எடுத்துவிட்டேன். விளக்குப் பிரயோசனப்படவில்லை. வெள்ளிக்கிழமை ஜெசிந்தா கொடுத்த புழுவாக இருக்குமோ என்று அவளைக் கேட்டேன்.

“என் புழுவா? என் புழு வாழைப்பழத் தோலும் காப்பித்தூளும் தின்னு வளருது. உங்க வீட்டுக்காரரவிட நல்லா சாப்புடுது. வேற எங்கயாவது தேடுங்க.”

அக்டோபர் 3, வியாழன்

கொலு வைத்தாயிற்று, ஏழு படி. கூடத்தில் கொலு ஒரு பக்கம், மோமோ ஒரு பக்கம். வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் பொம்மையைப் பார்க்காமல் இதைத்தான் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண், “இது என்ன அவதாரம்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மீனும் இல்லை, ஆமையும் இல்லை.

ஒன்பது நாளும் மாலையில் சுண்டல், பாட்டு, தூபம், ஆரத்தி.

அக்டோபர் 6, ஞாயிறு

வியாழன் முதல் ஒரு புழுகூடத் தின்னவில்லை. சனி போய் ஞாயிறு ஆகியும் வால் நிமிரவில்லை. இதுவரை ஞாயிறன்று நிமிர்ந்துவிடும்.

அக்டோபர் 8, செவ்வாய்

மங்கை வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டாள். செப்டம்பர் 18 அன்று எடுத்ததை அனுப்பினேன். ‘செமயா இருக்கும்மா’ என்று எழுதினாள். பொய்யான படம் இல்லை. மோமோவின் படம்தான். புதன்கிழமை எடுத்தது, அவ்வளவுதான்.

அவள் வேலையில் இருக்கும்போது எதற்குக் கலவரப்படுத்த வேண்டும்?

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மோமோ தண்ணீர் மேல் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதந்தது. தொட்டால் காலை இழுக்கவில்லை. செவுளின் சிவப்பு போய், வெளுத்த சாயத்துணி மாதிரி ஆகிவிட்டது. இழைகள் பாதி இல்லை.

கையில் இருந்த பூத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு மங்கையின் தாளை எடுத்தேன். கடைசி வரி: ‘ரொம்ப முடியலைன்னா சுத்தத் தண்ணி ஊத்தின டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜில் வை. தினம் தண்ணி மாத்து. பயப்படாதே.’

வெங்காயம்கூட ஏறாத ஃபிரிட்ஜ் அது. தயிருக்கும் மாவுக்கும் நடுவில் இடம் செய்தேன். இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு மோமோவை ஏந்தினேன். இதுவரை இடுக்கியால்தான் தொட்டிருக்கிறேன். கனமே இல்லை. என் உள்ளங்கையில் அதன் விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. டப்பாவில் விட்டு, மூடியில் திருநீறு இட்டு, உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“செத்துப்போச்சா?” என்றார்கள் இவர்கள்.

“இல்ல. குளிர்ல வச்சா ஒடம்பு ஓய்வு எடுக்குமாம்.”

“மங்கைக்கு என்ன சொல்லப் போறே?”

பொம்மைகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாட்டு வரவில்லை. நம்பி விட்டுட்டுப் போறேன் என்றாளே, அந்த ஒரு வார்த்தைதான் ஓடிக்கொண்டிருந்தது. இது போய்விட்டால் அவள் என்னைத் திட்டமாட்டாள். அதுதான் பயம். ‘பரவால்லம்மா’ என்று சொல்லிவிட்டு, மறுபடி எதையும் இங்கே விடமாட்டாள்.

அக்டோபர் 12, சனி

டப்பாவுக்குத் தண்ணீர் மாற்றினேன். அசைவில்லை. ஆனால் இருக்கிறது.

காலையில் இவர்கள் மோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். “ஃபிரிட்ஜத் தெறந்தா அது நம்மளப் பாத்துச் சிரிக்குது ஏளா. அதுக்கு முன்னால எப்படித் தயிர எடுக்க?”

அக்டோபர் 13, ஞாயிறு

தண்ணீர் மாற்றும்போது காலை உதைத்தது.

அக்டோபர் 14, திங்கள்

மோமோ சாயாமல் நேராகப் படுத்திருக்கிறது. வால் நேர்.

நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபிரிட்ஜில் தெளிகிறது, தொட்டியில் நோகிறது. இரண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர், குளோரினை முறிக்க விடுகிற அதே மருந்து. ஆகவே தண்ணீர் இல்லை. புழுவாக இருந்தால், தின்னாத நாட்களில் தெளிந்திருக்க வேண்டும். ஆகவே புழு இல்லை. வெப்பம் பதினேழைத் தாண்டவே இல்லை. ஃபிரிட்ஜில் இல்லாதது என்ன? குமிழி இல்லை. கூடத்துக் காற்று இல்லை.

பிறகு நாட்களைப் பார்த்தேன். மூன்று சனிக்கிழமைகளில் நோவு. அதன் பிறகு கொலு ஒன்பது நாளும் நோவு. சனிக்கிழமை காலையில் நான் எதுவும் செய்வதில்லை. அப்படியானால் வெள்ளி மாலையில் செய்வதை, கொலுவில் தினமும் செய்திருக்கிறேன். பூ. விளக்கு. பாட்டு. மூன்றும் எல்லா நாளும் உண்டு, அடித்துவிட்டேன். சுண்டல் கொலுவுக்கு மட்டும்தான், அதையும் அடித்துவிட்டேன்.

பட்டியலில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. அதை எழுதவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஏர் பம்பைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். அடியில் காற்றை இழுக்கிற துவாரம். அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கம்பளித் துண்டு. மங்கை பெட்டியில் உபரியாக ஒன்று வைத்திருக்கிறாள், அது பஞ்சு வெள்ளை. மாட்டியிருப்பது டிகாக்ஷன் நிறம். மூக்கருகில் கொண்டுபோனேன்.

வெள்ளிக்கிழமை மணத்தது.

குமிழி வருகிற ரப்பர் குழாயை வெட்டிப் பார்த்தேன். உள்ளே பிசுக்கு, அதே மணம். தொட்டியில் ஒதுங்கிக் கிடந்த நுரையை விரலில் எடுத்து முகர்ந்தேன். அதிலும் அதே மணம். பூசை அறை வாசலில் இருந்து ஒரு துளி வீணாக்காமல் தூபப் புகையை இழுத்து, அதன் மூச்சுக்குள்ளேயே விட்டிருக்கிறது இந்தப் பம்ப். பலகையில் வைத்தது நான். மூன்று சுற்றுக் காட்டியதும் நான்.

இவர்களிடம் காட்டினேன். முகர்ந்து பார்த்தார்கள். “கண்டுபிடிச்சிட்டியே ஏளா” என்றார்கள். பிறகு மங்கையின் அறைப் பக்கம் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

தொட்டியைக் கழுவி, புதுக் குழாய் போட்டு, மங்கையின் அறைக்கே திரும்பக் கொண்டுபோனோம். மோமோவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெப்பம் ஏற்றி உள்ளே விட்டேன். ஒரு புழு. தின்றது.

கணக்கு என்று வைத்தால் முழுதாக எழுத வேண்டும். மங்கைக்கு இழுப்பு வந்த காலத்தில் டாக்டர், “வீட்டில் புகை உண்டா?” என்று கேட்டார். “இல்லை, கேஸ் அடுப்புதான்” என்றேன். எனக்குத் தெரிந்து அது பொய் இல்லை. தூபத்தைப் புகை என்று யார் நினைப்பார்கள்? குளிர்க்காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணி அடைத்தேன். சாமிக்கு முன்னால் நின்றால் சரியாகும் என்று வெள்ளிக்கிழமைகளில் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினேன். பாளையங்கோட்டைக்குப் போன பிறகு அவளுக்கு ஒரு தடவைகூட இழுப்பு வரவில்லை. பார்த்தீர்களா, குளிர்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

ஹாஸ்டலில் தூபம் போடமாட்டார்கள்.

இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

அக்டோபர் 18, வெள்ளி

பூ, விளக்கு, பாட்டு. ஆறு மணிக்குக் கை தானாகத் தூபக்காலுக்குப் போனது. எடுத்து, துலக்கி, மேல் பரணில் வைத்தேன். கல்யாணம் ஆனது முதல் தூபம் இல்லாத வெள்ளிக்கிழமை இதுதான். சாமியிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லைதான், ஆனாலும் இன்று காத்திருந்தேன்.

அக்டோபர் 19, சனி

வால் நேர். செவுள் விரிந்து பின்னால் நிற்கிறது. மூன்று புழு. குணம்: பசி.

அக்டோபர் 20, ஞாயிறு

மங்கை போன் செய்தாள்.

“மோமோ எப்படிம்மா இருக்கு?”

“இப்ப நல்லாருக்கு.”

“இப்பன்னா?”

எல்லாவற்றையும் சொன்னேன். பழைய படத்தை அனுப்பியதையும் சொன்னேன். ஃபிரிட்ஜ் வந்தபோது, “நம்ம ஃபிரிட்ஜிலயா? தயிர் பக்கத்துலயா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, “எதனால வந்துச்சு?” என்றாள்.

“தூபத்தால.”

சிரிப்பு நின்றது.

“பம்ப் இழுத்து உள்ள விட்டுருக்கு. அதான் நிறுத்திட்டேன். இந்த வெள்ளிக்கிழமை போடல.”

“மோமோக்காக நிறுத்திட்டே.”

“ஆமா.”

“எத்தனை நாள்ல கண்டுபிடிச்சே?”

நோட்டு கையில்தான் இருந்தது, மோமோ வந்த நாளில் இருந்து எண்ணினேன். “முப்பத்தேழு நாள்.”

“முப்பத்தேழு நாள்” என்று அவளும் சொன்னாள். “எட்டாங் கிளாஸ்ல இருந்து சொல்லுதேம்மா நானு. துண்டச் சுருட்டிக் கதவடியில வச்சிட்டுப் படுத்திருப்பேன். நீ தட்டித் திறந்து உள்ள வந்து, கட்டிலச் சுத்தி நல்லாக் காட்டிட்டுப் போவே.”

வாயில் வந்ததைச் சொன்னேன்.

“அது பேசலட்டி. பேசாததால என்ன செய்யுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ பேசினே. நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்துட்டேன்.”

“வேலை இருக்கும்மா, வைக்கேன்” என்றாள்.

அக்டோபர் 25, வெள்ளி

தினமும் மோமோவின் கட்டத்தைப் படம் பிடித்து அனுப்புகிறேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுகிறது. பதில் இல்லை. செவுளில் புது இழை முளைக்கிறது, பட்டு நூல் முனை மாதிரி. போனதைத் திருப்பி முளைக்க வைக்கிற உடம்பாம் இதற்கு. அதையும் எழுதி அனுப்பினேன். நீலக் குறி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசுப் புகை வரும் என்று மோமோ அறைக் கதவைச் சாத்தி, அடியில் துண்டைச் சுருட்டித் திணித்தேன். திணித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மங்கையிடம் இருந்து: ‘ஹேப்பி தீபாவளி. அப்பாட்ட சொல்லு.’

நவம்பர் 4, திங்கள்

மங்கை: ‘வேலை முடிஞ்சிருச்சு. மோமோவ எடுக்க வெள்ளிக்கிழமை வாரேன். சாயங்காலம் ஏழு மணிக்குக் கார் சொல்லிருக்கேன், திரும்பிருவேன்.’

அவள் ஞாயிறுகளில்தான் வருவாள். வெள்ளிக்கிழமை என்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். கிழமை மறந்து எழுதியிருப்பாளோ என்று, ‘வெள்ளி வீட்டில் பூசை நாள்’ என்று எழுதினேன். ‘தெரியும்’ என்று வந்தது.

நவம்பர் 8, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றாள். பிறகு நேராக மோமோவிடம் போனாள்.

“குண்டாயிருக்கு” என்றாள்.

“அஞ்சு புழு தின்னுது” என்றேன்.

“பிரதோஷத்தன்னிக்கு?”

“அன்னிக்கு விரதம்.”

திரும்பி என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததா, வரவில்லையா என்று தெரியவில்லை.

ஜெசிந்தா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “மங்கை, உங்கம்மா புழு பிடிக்கிற அழகப் பாத்தியா? எங்க சர்ச்சுல கூட ஒருத்தருக்கும் வராது!” என்று சத்தம் போட்டாள்.

ஆறு மணிக்கு விளக்கேற்றினேன். மங்கை பூசை அறை வாசலுக்கு வந்து நின்றாள். நான் கூப்பிடவில்லை. நின்றாள், கும்பிட்டாள், திருநீறு இட்டுக்கொண்டாள். “அம்மா, வீடு வேற மாதிரி இருக்கு” என்றாள். எப்படி என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, நோட்டை எடுத்துவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன். மோமோவின் பக்கங்களைத் தள்ளிவிட்டு ஒரு புதுப் பக்கத்தில் கட்டம் கிழித்தேன். தேதி. என்ன செய்தது. நான் என்ன சொன்னேன்.

“என்னதும்மா இது?”

“நீ சொல்லு. நான் எழுதிக்கிடுதேன்.”

“இப்ப எதுக்கும்மா? அதான் நின்னுபோச்சுல்ல.”

“எனக்குத் தெரியணும். பதில் சொல்லமாட்டேன்.”

“உன்னால முடியாது.”

“பாரேன்.”

அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள். முதலில் மெதுவாக, ஒரு கார்த்திகை வெள்ளிக்கிழமை, எட்டாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் என்று ஆரம்பித்தாள். எனக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கிறது, நடந்தது அப்படி இல்லை என்று சொல்ல வந்தது. எழுதினேன். அவள் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல வேகம் கூடியது. இரண்டு இடத்தில் அழுதாள், ஓர் இடத்தில் என்னை மாதிரியே பேசிக்காட்டினாள். இவர்கள் பேப்பருக்குப் பின்னால் இருந்து சிரித்துவிட்டார்கள். நான் அப்படியா பேசுவேன்?

ஏழு மணிக்கு வாசலில் கார் ஹாரன் அடித்தது. மங்கை காது கொடுக்கவில்லை. இவர்களே எழுந்துபோய் டிரைவரிடம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

இப்போது அவள் இவர்களோடு உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தைச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். ஆறு பக்கம் ஆகிவிட்டது. இன்னும் எட்டாம் வகுப்பே முடியவில்லை.